கழுவிய சேறு

விகோ,
ஸ்பெயின்
9 செப்டம்பர் 1996

மதிப்பிற்குரிய டொரிண்டா அவர்களுக்கு,

நலம். உங்கள் நலமறிய ஆவல். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்த பிறகும் இதை அடுப்பில் போடாமல் பிரித்தீர்கள் என்றால் அதற்கே முதலில் நன்றி. ஆறு வருடம் கழித்து எழுதுகிறேன், அதுவும் ஓர் உதவி கேட்டு. வேறு யாரிடமாவது கேட்கலாமா என்று பத்து நாள் யோசித்தேன். பெனால்பாவில் உங்களை விட்டால் வேறு யாரிடம் நான் கேட்பேன்?

விஷயம் இதுதான். கடலடிச் சேற்றில் செம்பும் துத்தநாகமும் ஈயமும் எவ்வளவு படிந்திருக்கின்றன, அவை அங்கே வாழும் உயிர்களை என்ன செய்கின்றன என்று பார்ப்பது இப்போது என் வேலை. நம் கழிமுகத்தில் இருபத்தாறு இடங்களில் சேறு எடுக்கிறோம். நீங்களும் சங்கத்துப் பெண்களும் சேற்றிலிருந்து மட்டிச் சிப்பி வாரும் கரையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பழைய கப்பல் பட்டறைக்குப் பக்கத்தில் இருப்பதால் அதை விட்டுவிட முடியாது. பட்டறையை மூடிப் பத்து வருடம் ஆகியிருக்கலாம். அங்கே கப்பல்களிலிருந்து சுரண்டிப் போட்ட பெயிண்ட் எல்லாம் எங்கேயும் போய்விடவில்லை.

முறைப்படி நானே வந்து எடுக்க வேண்டும். உண்மையைச் சொல்கிறேன், அந்த பஸ்ஸிலிருந்து உங்கள் தெருவில் இறங்க எனக்குத் தைரியம் இல்லை. உங்கள் தம்பி ரமிரோ கப்பலில் இருக்கிறார் என்று தெரியும். ஆனால் புருஷனை விட்டுவிட்டுப் போனவள் என்று தெருவே திரும்பிப் பார்க்கும். நீங்களும் பார்ப்பீர்கள்.

பஸ்காரர் எலாடியோவிடம் ஆறு கண்ணாடி ஜாடிகள் கொடுத்து அனுப்புகிறேன். கடல் வற்றியிருக்கும்போது, வழக்கமாக நீங்கள் வாரும் இடத்தில் ஒரு சாண் ஆழம் வரை தோண்டி ஜாடிகளை நிரப்பினால் போதும். ஒன்றே ஒன்று மட்டும்: சேறு சுத்தமாக இருக்க வேண்டும். அது மிக முக்கியம்.

இப்படிக்கு,
சபேலா


பெனால்பா,
24 செப்டம்பர் 1996

சபேலா,

"அவர்களுக்கு" என்று எழுதியிருக்கிறாயே, நான் என்ன மேயரா? நான்கு வருடம் என் சமையலறையில் "அக்கா, அக்கா" என்று என் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டு திரிந்தவள் நீ. இப்போது படித்தவர்கள் மரியாதை காட்டுகிறாயாக்கும்.

உறையை அடுப்பில் போடவில்லை. அடுப்புக்கு மேலே அலமாரியில் மூன்று நாள் வைத்திருந்தேன். அதற்குள் என் கோபம் ஆறிவிட்டதா என்று கேட்காதே. டெலிபோனில் கூப்பிடாமல் எழுதினாயே, அது மட்டும் புத்திசாலித்தனம். இங்கே டெலிபோன் இன்னும் பாரில்தான் இருக்கிறது. நீ கேள்வி கேட்டு முடிப்பதற்குள் ஊரே பதில் சொல்லிவிடும்.

ரமிரோ அயர்லாந்துப் பக்கம் மீன் பிடிக்கப் போயிருக்கிறான். கிறிஸ்துமஸுக்குத்தான் வருவான். நன்றாக இருக்கிறான். உன்னைப் பற்றி நான் பேசுவதில்லை, அவனும் பேசுவதில்லை. அப்படியே இருக்கட்டும்.

உன் சேறு இதோ வருகிறது. வாங்கிப் பார், இந்தக் கடற்கரை முழுக்கத் தேடினாலும் இதைவிடச் சுத்தமான சேறு உனக்குக் கிடைக்காது. என் மாமியார் உயிரோடு எழுந்து வந்தாலும் குறை சொல்ல முடியாது. நாங்கள் மட்டி வாருகிற பெண்கள்தான், அதற்காக அழுக்குப் பிடித்தவர்கள் என்று உன் ஆய்வகத்தில் யாரும் நினைக்கக் கூடாது, பார்.

ஜாடிகளோடு ஒரு எம்பனாடா வைத்திருக்கிறேன். மாவுக்குள் மட்டி வைத்துச் சுட்டது, உனக்குப் பிடித்த மாதிரி வெங்காயம் அதிகம். எலாடியோ வழியில் ஒரு துண்டு தின்றிருப்பான். கேட்டால் பஸ் குலுங்கியதில் உடைந்தது என்பான். நம்பாதே.

டொரிண்டா


விகோ,
28 அக்டோபர் 1996

அன்புள்ள அக்கா,

எம்பனாடா பாதிதான் வந்தது. பஸ் மிகவும் குலுங்கியதாம். அந்தப் பாதியை ஆய்வகத்தில் யாருக்கும் கொடுக்காமல் ஜன்னலோரம் நின்று நானே தின்றேன்.

இப்போது எழுதப் போவதை அரசாங்கக் கடிதத்தில் நீங்கள் படிப்பதற்கு முன் என் வாயால் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன். நாங்கள் சேற்றைச் சோதிப்பது இப்படித்தான். கடலடி மணலைத் துளைத்து வாழும் ஒரு பூச்சி இருக்கிறது, இறால் இனம், அரிசி மணி அளவுதான் இருக்கும். ஒவ்வொரு ஜாடிச் சேற்றிலும் இருபது பூச்சிகளை விட்டுப் பத்து நாள் கழித்து எண்ணுவோம். நல்ல சேறு என்றால் பதினெட்டு, பத்தொன்பது உயிரோடு இருக்கும். உங்கள் கரைச் சேற்றில் இருந்தது இரண்டு. ஒரு ஜாடியில் ஒன்றுகூட இல்லை. மேலே நின்ற தண்ணீரில் துத்தநாகமும் செம்பும் நான் இதுவரை எங்கேயும் பார்க்காத அளவு.

ஜாடிகளை மறுபடி சோதித்தேன். மூன்றாம் முறையும் சோதித்தேன். வேறு எண் வராதா என்று ஏங்கினேன், வரவில்லை. இப்படி ஒரு முடிவு வந்தால் மேலே சொல்லியாக வேண்டும், அது சட்டம். அறிக்கை போய்விட்டது. கரையை மூடுவார்கள் என்று நினைக்கிறேன். மட்டியின் சதையைத் தனியாகச் சோதித்துப் பார்க்கும் வரை முன்னெச்சரிக்கையாக. அதற்கு இரண்டு மாதமாவது ஆகும்.

கிறிஸ்துமஸ் நேரம் உங்களுக்கு என்ன என்று எனக்குத் தெரியும் அக்கா. வருடம் முழுக்கக் குனிந்து வாருவது மட்டிக்கு நல்ல விலை கிடைக்கும் அந்த மூன்று வாரத்துக்காகத்தான். என்னை மன்னியுங்கள் என்று எழுத நினைத்தேன். பூச்சிகள் செத்ததற்கு நான் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை.

சபேலா


பெனால்பா,
17 நவம்பர் 1996

சபேலா,

மூடிவிட்டார்கள். நான்காம் தேதி காலையில் சேறு கிளறும் வாரியும் வாளியுமாக நாற்பத்து மூன்று பேர் கரையில் நிற்கிறோம், ஒருவன் பிளாஸ்டிக் நாடாவைக் கட்டிவிட்டு ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டுப் போகிறான். கீழே உன் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

ஒப்டூலியாதான் முதலில் படித்தாள். உனக்கு அவளைத் தெரியும், மீன் சந்தையில் அவள் குரல் கேட்டால் விகோவில் கதவு சாத்துவார்கள். "அடியே டொரிண்டா, உன் தம்பி பொண்டாட்டி பலே ஆளுடி! புருஷன விட்டா, போனா போகட்டும்னு இருந்தோம். இப்ப நம்ம வயித்துலயே கைய வச்சிட்டா பாரு. ஆறு வருஷமா மனசுல வச்சிருந்து பழி வாங்கிட்டா!" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சேற்றை எடுத்துக் கொடுத்தது நான்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

நீ பழி வாங்குகிறவள் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபமாக இருக்கிறேன். முப்பத்தோரு வருடமாக அந்தச் சேற்றில் நிற்கிறேன். அதில் விளைந்த மட்டியைத் தின்றுதான் ஊரே வளர்ந்தது. உன் அரிசிப் பூச்சி பத்து நாளில் செத்துப்போகிற சேற்றில் என் மட்டி மட்டும் எப்படிக் கொழுத்து நிற்கிறது? இதற்குப் பதில் சொல்.

இதைவிடப் பெரிய கூத்து இருக்கிறது. மூடிய ஒரே வாரத்தில் ஒரு கம்பெனி வந்துவிட்டது. பட்டறை மூலையில் பணக்காரர்களின் உல்லாசப் படகுகளுக்குத் துறை கட்டப் போகிறார்களாம். முன்பே கேட்டு, சங்கம் முடியாது என்று திருப்பி அனுப்பியதுதான். இப்போது உன் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். அவர்களுடைய என்ஜினீயர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, "கவலப்படாதீங்கம்மா, கெட்ட சேறு பூராத்தையும் இயந்திரம் வச்சு அள்ளி எடுத்துடறோம். கழிமுகம் பளிச்சுனு சுத்தமாயிடும். அப்புறம் நீங்க நிம்மதியா மட்டி வாரலாம்" என்கிறான். சங்கத் தலைவி பல்பினாகூட, வேறு வழியில்லை, ஒத்துக்கொள்ளலாம் என்கிறாள். மார்ச்சில் இயந்திரம் இறங்குகிறது.

எனக்கு மனது ஆறவில்லை. அந்த ஆறு ஜாடிக்காக நான் பட்ட பாடு உனக்கென்ன தெரியும்? சுத்தமாக வேண்டும் என்று நீ எழுதியதற்காக மூன்று நாள் உட்கார்ந்தேன். நல்ல கடல் தண்ணீரில் மூன்று முறை அலசினேன். ரொட்டி மாவு சலிக்கிற சல்லடையில் சலித்து, கிளிஞ்சல், பாசி, புழு எல்லாவற்றையும் சாமணத்தால் பொறுக்கினேன். அந்தக் கறுப்பும் நாற்றமும் போகட்டும் என்று வெள்ளை எனாமல் தட்டுகளில் பரப்பி இரண்டு நாள் முற்றத்து வெயிலில் காயவைத்து, மறுபடி தண்ணீர் விட்டுப் பிசைந்து ஜாடியில் போட்டேன். காப்பிப் பொடி போல அழகான நிறம் வந்தது. அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்து கொடுத்ததற்கு இதுவா பலன்?

டொரிண்டா


விகோ,
21 நவம்பர் 1996

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. கடைசிப் பத்தியை நின்றுகொண்டே படித்தேன், பிறகு உட்கார்ந்துவிட்டேன். இதை நாளைக்கு எழுதலாம் என்று தள்ள என்னால் முடியாது. இன்றைய பஸ்ஸிலேயே அனுப்புகிறேன்.

சேறு ஏன் கறுப்பாக இருக்கிறது, ஏன் அழுகிய முட்டை போல நாறுகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கந்தகம் அக்கா. மேலே ஒரு விரல் அளவுக்குக் கீழே காற்றுப் போகாது. காற்றில்லாத அந்த இடத்தில் கந்தகம், வந்து விழுகிற செம்பையும் துத்தநாகத்தையும் ஈயத்தையும் பிடித்துக் கட்டிப்போட்டு வைக்கிறது. விஷம் அங்கேயே இருக்கும், ஆனால் யாரையும் கடிக்காது. அதனால்தான் உங்கள் மட்டி கொழுத்து நிற்கிறது. அந்தக் கறுப்பும் நாற்றமும்தான் உங்கள் கரைக்குக் காவல்.

அதைக் காற்றில் பரப்பினால் கறுப்பு போய்ப் பழுப்பு வரும். கட்டு அவிழ்ந்துவிடும். கட்டியிருந்ததெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும். உங்கள் எனாமல் தட்டில் நடந்தது அதுதான். என் பூச்சிகளைக் கொன்றது உங்கள் கரை இல்லை, உங்கள் முற்றத்து வெயில்.

தவறு உங்களுடையது என்று ஒரு நொடிகூட நினைக்காதீர்கள். "சுத்தமாக" என்று எழுதினேனே, என் கையை வெட்ட வேண்டும். எங்கள் பேச்சில் அதற்கு, வேறெதுவும் கலக்காமல், தோண்டியது தோண்டியபடியே என்று அர்த்தம். உங்களிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? வாசற்படியை வாரம் இரண்டு முறை சோப்புப் போட்டுத் தேய்க்கிறவர் நீங்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஜாடியைத் திறந்தபோதே சேறு பழுப்பாக இருந்ததைப் பார்த்தேன். கறுப்பாக இருந்திருக்க வேண்டுமே என்று தோன்றியது. உங்களைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் பாருக்குத் தொலைபேச வேண்டும், யாராவது "எந்த சபேலா?" என்பார்கள். அந்தப் பயத்தில் கேட்கவில்லை. பஸ்ஸில் இறங்கப் பயந்தேன், அதனால் நாற்பத்து மூன்று வீடுகள் முடங்கிக் கிடக்கின்றன.

அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன் என்று இன்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் புதிதாகச் சேறு எடுத்துச் சோதித்து முடிக்கும் வரை கரையைத் திறக்க மாட்டார்களாம், கிறிஸ்துமஸ் போய்விடும். ஆய்வகத்தில் நடந்த பிழை என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். உங்கள் பெயர் எங்கேயும் வராது. நீங்களும் யாரிடமும் சொல்ல வேண்டாம். ஒப்டூலியாவுக்கு என் மேல்தானே கோபம்? என் மேலேயே இருக்கட்டும், நான் அங்கே இல்லையே.

சபேலா


பெனால்பா,
1 டிசம்பர் 1996

சபேலா கண்ணு,

நான்கு முறை படித்தேன். ஐந்தாம் முறை படிக்கப் பயமாக இருந்தது.

நேற்று பல்பினா வீட்டுக்குப் போனேன். அவள் மகள் இந்த வருடம் சாந்தியாகோவில் படிப்பை நிறுத்திவிட்டு மீன் டப்பாத் தொழிற்சாலையில் வேலைக்குப் போகிறாளாம். "அந்த சபேலா மட்டும் என் கையில கெடச்சா…" என்று பல்பினா பல்லைக் கடித்தாள். நான் காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

நீ சொன்ன யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. என்னை மறைத்து நீ நிற்கிறேன் என்கிறாய், ஆசையாகத்தான் இருக்கிறது. நான் இவ்வளவு கோழை என்று எனக்கே இதுவரை தெரியாது. உன்னைப் போய், எங்களை விட்டு ஓடினவள் என்று தெருவில் வைத்துச் சொன்னேனே.

ஒன்று மட்டும் செய். இந்தத் தடவை ஜாடியை எலாடியோவிடம் கொடுக்காதே. நீயே வா. அடுத்த ஞாயிறு, எட்டாம் தேதி, காலை எட்டரைக்குக் கடல் நன்றாக வற்றும். பஸ் நிறுத்தத்தில் நான் நிற்பேன். யாராவது பார்த்தால் என்னோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

டொரிண்டா


விகோ,
14 ஜனவரி 1997

அன்புள்ள அக்கா,

அன்று பஸ்ஸிலிருந்து நான் இறங்கியதும் என் பையை வாங்கிக்கொண்டு, தெரு நடுவில் என் கையைப் பிடித்து நடந்தீர்களே, அதைப் பற்றி எழுத வேண்டும் என்று ஒரு மாதமாக நினைக்கிறேன். கடற்சுவரில் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. ஒப்டூலியா பேசாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

இப்போது முடிவுகள். நாம் தண்ணீருக்கடியிலேயே நிரப்பி, துளிக் காற்றில்லாமல் மூடினோமே, நீங்கள் வாரும் இடத்துச் சேறு, அதில் இருபதுக்குப் பத்தொன்பது உயிரோடு இருக்கின்றன. மற்ற ஜாடிகளில் பதினெட்டு, பத்தொன்பது. எவ்வளவு சத்தமாகச் சிரித்தேன் என்றால் பக்கத்து அறையிலிருந்து ஆள் வந்துவிட்டது. மட்டிச் சதையின் முடிவும் வந்துவிட்டது, அதில் பயப்பட ஒன்றுமில்லை. ஐந்தில் நான்கு பங்குக் கரை நல்ல கரை.

பட்டறை மூலை மட்டும் அப்படி இல்லை. அங்கே பதினொன்றுதான் பிழைத்தன. அந்த மூலை மட்டிதான் ஊரிலேயே பெரியது என்று சொன்னீர்கள். அதை இனி யாரும் எடுக்கக் கூடாது அக்கா, கொஞ்ச காலமாவது.

பிறகு ஒரு காரியம் செய்தேன். அந்த மூலைச் சேற்றில் ஒரு பங்கை உங்களைப் போலவே சல்லடையில் சலித்து, மூன்று முறை அலசி, தட்டில் பரப்பி இரண்டு நாள் வைத்தேன். காப்பிப் பொடி நிறம் வந்தது. பூச்சிகளை விட்டேன். இரண்டாம் நாளே ஒன்றுகூட இல்லை. அந்தக் கம்பெனிக்காரர் இயந்திரம் வைத்து அள்ளிக் கலக்கப் போவது இந்தச் சேற்றைத்தான். உங்கள் முற்றத்தில் ஆறு ஜாடிக்கு நடந்தது அப்போது கழிமுகம் முழுவதும் நடக்கும். நீரோட்டம் அதை நேராக உங்கள் நல்ல கரைக்குக் கொண்டுவரும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நீங்கள்தான் செய்து காட்டினீர்கள்.

பிப்ரவரி ஆறாம் தேதி உங்கள் சங்கக் கட்டடத்தில் கூட்டம் வைத்திருக்கிறார்கள். துறைமுக அதிகாரி வருவார், கம்பெனி வரும். என் புதிய அறிக்கையைப் படிப்பார்கள். என்னை வரக்கூடாது என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். "உன் பழைய வீட்டுக்காரர் ஊர். முதல்ல செத்துதுன்னு எழுதின, இப்ப பொழச்சுதுன்னு எழுதற. சொந்தக்காரங்க அழுதாங்க, இவ மாத்திட்டான்னு சொல்ல மாட்டாங்களா?" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கம்பெனிக்காரரும் அதைத்தான் சொல்லப் போகிறார். ஆய்வகப் பிழை என்று நான் எழுதியது உங்களைக் காப்பாற்றும், ஆனால் என் புது அறிக்கையை யாரும் நம்பவிடாது. ஒரே சேறு ஏன் இரண்டு விதமாகப் பேசியது என்று உண்மையைச் சொன்னால்தான் நம்புவார்கள்.

நான் உங்களை எதுவும் கேட்கவில்லை அக்கா. நிலைமையைச் சொல்கிறேன், அவ்வளவுதான். நீங்கள் பேசாமல் இருந்தாலும் நான் உங்களுக்கு எழுதுவதை நிறுத்த மாட்டேன். அதை நான் ஒருமுறை செய்து பார்த்துவிட்டேன், நன்றாக இல்லை.

சபேலா


பெனால்பா,
9 பிப்ரவரி 1997

என் அன்பு சபேலா,

நீ கேட்கவில்லை என்று எழுதினாயே, கேட்டிருந்தால் நான் சண்டை போட்டு மறுத்திருப்பேன். உனக்கு என் குணம் தெரியும்.

கூட்டம் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. இடமில்லாமல் பாதிப் பேர் வலைக்கூடைகள் மேல் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி உன் அறிக்கையைப் படித்தார். நீ சொன்ன மாதிரியே அந்தச் சிரிப்பு என்ஜினீயர் எழுந்து, "அக்டோபர்ல விஷம், ஜனவரியில அமிர்தமா? இந்தம்மா எந்த மாசம் சொல்றத நம்பறது? இவங்க இந்த ஊர் மருமக வேற" என்றான். பின்வரிசையில் சிரித்தார்கள். உன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் சபேலா, என் பாவத்துக்கு. எழுந்துவிட்டேன்.

ஒரு பையோடு போயிருந்தேன். அதிலிருந்து என் எனாமல் தட்டை எடுத்து அதிகாரியின் மேஜை மேல் வைத்தேன். செவ்வாய்க்கிழமையே பட்டறை மூலையிலிருந்து எடுத்துச் சலித்து அலசிப் பரப்பி வைத்த சேறு, நல்ல பழுப்பு. பக்கத்தில் அன்று காலை நிரப்பிய ஜாடி, தார் மாதிரிக் கறுப்பு. "ரெண்டும் ஒரே குழிதான். இத நான்தான் இப்படி ஆக்கினேன். செப்டம்பர்லயும் நான்தான் ஆக்கினேன். அவ சுத்தமா வேணும்னு எழுதினா, நான் கழுவிக் குடுத்தேன். சேத்த கழுவக்கூடாதுன்னு எனக்குத் தெரியல. அவ பொய் சொல்லல. அப்ப செத்தது நெசம், இப்ப பொழச்சதும் நெசம்" என்றேன்.

என்ஜினீயர், "என்னம்மா இது, சமையல் நிகழ்ச்சியா?" என்றான். எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்குப் பயம் போய்விடும். "இல்ல சார், இது உங்க வேலதான். நீங்க மிஷின் வச்சு செய்யப் போறத நான் தட்டுல செஞ்சு வச்சிருக்கேன். இப்படி ஆக்கின சேத்துல சபேலா விட்ட பூச்சி ரெண்டு நாள் தாங்கல. நானும் உங்கள மாதிரிதான், சுத்தம் பண்றேன்னுதான் ஆரம்பிச்சேன்" என்றேன். அந்த அதிகாரி, பாவம், நல்ல மனிதர், தட்டை இழுத்து மூக்குக்கருகில் வைத்துப் பார்த்தார். பிறகு ஜாடியைத் திறந்தார். முகம் சுளித்துக்கொண்டு அரை மணி நேரம் கேள்வி கேட்டார். மூலையில் கை வைக்க அனுமதி இல்லை, முழுதாகச் சோதிக்கும் வரை வேலை நிற்கட்டும் என்று எழுதிவிட்டார். நம் கரை பதினேழாம் தேதி திறக்கிறது. மூலையை மூடச் சொல்லி நான்தான் முதலில் கை தூக்கினேன். அந்தக் கொழுத்த மட்டியை நினைத்து வயிறு எரியத்தான் செய்தது.

அவர்கள் போன பிறகுதான் எனக்கு இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு நாற்பத்திரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பல்பினா கேட்டாள், "நம்ம எல்லார் வீட்டு கிறிஸ்துமஸையும் முழுங்கினது நீதானா? எங்க வீட்டுல உக்காந்து காப்பி குடிச்சியே, அன்னைக்கும் தெரியுமா?" தெரியும் என்றேன். அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது. யாரும் சமாதானம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் கேவலமாக இருந்திருக்கும். கடைசியில் ஒப்டூலியாதான், "சரி, அழாதடி. அடுத்த மாசம் வந்து எங்க வீட்டு மாடிப்படியையும் அப்படிக் கழுவிக் குடு. அது பத்து வருஷமா கறுப்பாதான் கெடக்கு" என்றாள். ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பல்பினா மட்டும் சிரிக்கவில்லை. அவள் சிரிக்க நாளாகும், ஆகட்டும்.

சங்கத்தில் தப்புச் செய்தவளுக்குக் காவல் முறைதான் தண்டனை, உனக்கு ஞாபகம் இருக்கும். திருட்டு மட்டி எடுக்க யாரும் வராமல் கரையில் நிற்க வேண்டும். எனக்கு ஒரு வருடம் போட்டார்கள், கடல் வெகுதூரம் உள்வாங்குகிற பெரிய வற்றம் வரும் ஞாயிறெல்லாம் பட்டறை மூலையில். ஆனால் காவலுக்கு இரண்டு பேர் வேண்டும், அது விதி. யார் இவளோடு நிற்கிறீர்கள் என்று பல்பினா கேட்டாள், ஒரு கை எழவில்லை. அப்போது அவளே சொன்னாள், "வர வேண்டிய நேரத்துல வராம பஸ்காரன்கிட்ட ஜாடிய குடுத்துவிட்டாளே அந்த மகராசி, அவளுக்கும் பாதித் தப்பு இருக்குல்ல? அவளையும் போடு." கணக்கெழுதுகிறவள், "அவ சங்கத்துல இல்லையே, சங்கத்துல இல்லாதவளுக்கு எப்படித் தண்டன குடுக்கறது?" என்றாள். எல்லோரும் யோசித்தார்கள். இருபது நிமிடம் சத்தம் போட்டார்கள். நான் வாயே திறக்கவில்லை, சத்தியமாக.

ஆகவே இதனால் உனக்கு அறிவிப்பது என்னவென்றால், பெனால்பா மட்டி வாரும் பெண்கள் சங்கத்தின் பட்டியலில் நாற்பத்து நான்காவதாக உன் பெயரை எழுதிவிட்டார்கள், தண்டனை கொடுப்பதற்காக. முதல் காவல் மார்ச் ஒன்பது, ஞாயிறு, காலை ஒன்பது மணி வற்றம். தாமதமாக வந்தால் இன்னொரு வருடம் கூடும் என்று பல்பினா சொல்லச் சொன்னாள். ரமிரோ அந்த வாரம் ஊரில் இருக்க மாட்டான். இருந்தாலும் நீ வரத்தான் வேண்டும், விதி விதிதான்.

மூலையில் சேறு முழங்கால் வரை ஏறும். உனக்கு ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கதவருகில் வைத்திருக்கிறேன். முப்பத்தேழாம் நம்பர். அளவை யாரிடமும் கேட்கவில்லை.

உன் அக்கா,
டொரிண்டா